படகில் பூட்டிய பெருங்குழல்: பன்ட் துப்பாக்கி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்ட் துப்பாக்கி என்றால் என்ன?

நீரில் கூட்டமாக இறங்கியிருக்கும் வாத்துகளை ஒரே வெடியில் சுடுவதற்காக, தட்டையடிச் சிறு படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், பூட்டிவைக்கும் ராட்சத ஷாட்கன். அந்தப் படகின் பெயர் பன்ட். துப்பாக்கிக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கழிமுகங்களிலும் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவிலும் இது பிழைப்புக்கான கருவி. சந்தைக்கு வாத்து அனுப்பியவர்களின் கையில்தான் பெரும்பாலும் இருந்தது. பொழுதுபோக்காகச் சுட்ட கனவான்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் எழுதி வைத்தவர்கள் அவர்கள்தான்.

குழல் மட்டும் 7 முதல் 9 அடி. மொத்த எடை சாதாரணமாக 30 முதல் 55 கிலோ, பெரியவை அதற்கும் மேல். உள்ளே வரி வெட்டு கிடையாது, வழவழப்பான துளை. அந்த வகையில் பார்த்தால் வீட்டில் இருக்கும் 12 போர் (bore, துளையளவு) துப்பாக்கிக்கும் இதற்கும் இயங்குமுறையில் வேறுபாடு இல்லை. அளவுதான் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

12 போர், 10 போர் என்கிறோமே, அந்தக் கணக்கில் இது எத்தனை போர்?

பெரும்பாலானவை 2 போரைவிடப் பெரியவை. சில, அந்தக் கணக்குக்கே அடங்காதவை.

ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அந்த உருண்டை கச்சிதமாக நுழையும் துளை 12 போர். அதனால்தான் எண் குறையக் குறையத் துளை பெரிதாகிறது. 12 போர் 18.5 மி.மீ., 10 போர் 19.7 மி.மீ., 4 போர் 26.7 மி.மீ., 2 போர் 33.7 மி.மீ. முழு ஒரு பவுண்டு உருண்டை நுழையும் 1 போர் 42.4 மி.மீ. அதற்கு மேல் போனால் எண் ஒன்றுக்கும் கீழே, பின்னமாகப் போக வேண்டும். 1868ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குழல் சோதனைச் சட்டம் இதற்கு எழுத்துகளைக் கொடுத்தது. 2 அங்குலத் துளை ஏ (A). அதிலிருந்து ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே வரும்: 1.75 அங்குலம் ஈ (E), 1.5 அங்குலம் கே (K), வரிசையின் கடைசி எழுத்து பி (P). பழைய குழலின் அடியில் எண்ணுக்குப் பதில் ஓர் எழுத்து மட்டும் குத்தியிருந்தால் காரணம் இதுதான்.

வேலைக்கு வாகாக இருந்தது 1.25 முதல் 1.5 அங்குலம் வரைதான். அதற்கு மேல் துப்பாக்கியும் படகும் கனத்து, ஒற்றை ஆள் சமாளிக்க முடியாமல் போகும்.

ஒரு வெடிக்கு எவ்வளவு ரவை (சிறு உலோக மணிகள்) போகும்?

ஒன்றரை அங்குலக் குழலுக்கு ஒரு பவுண்டு, கொஞ்சம் கூட்டினால் 20 அவுன்ஸ். 12 போரில் வாத்துக்குப் போடுவது ஒன்றேகால் அவுன்ஸ். ஆக, பதின்மூன்று தோட்டாக்களில் இருப்பது ஒரே சமயத்தில் வெளியேறுகிறது. இங்கிலாந்து அளவில் பிபி ரவை ஓர் அவுன்ஸுக்கு 70. ஒரு பவுண்டுக்கு 1,120 மணிகள். 1ஆம் எண் ரவை என்றால் 1,600.

இவ்வளவு பெரிய குழல் இருப்பதால் வெகுதூரம் பாயும் என்று நினைக்க வேண்டாம். தனித்தனி ரவை மணிக்குத் தான் எந்தக் குழலிலிருந்து வந்தோம் என்பது தெரியாது. 12 போரிலிருந்து வரும் அதே அளவு மணியைப் போலவே காற்றில் வேகம் இழக்கும். மாறுவது அடர்த்தி. 12 போரில் 40 மீட்டருக்கு மேல் ரவைகளுக்கிடையே பறவை தப்பும் அளவு இடைவெளி விழுந்துவிடும். ஆயிரத்துக்கு மேல் மணிகள் போனால் 60, 70 மீட்டரிலும் அந்த இடைவெளி விழாது. அதற்கு மேல் சுட்டவர்கள் காயப்படுத்தினார்கள், கொல்லவில்லை.

தோளில் வைத்துச் சுட முடியாதா?

முடியாது. தூக்கவே முடியாது என்பது இருக்கட்டும். பின்னுதைப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

450 கிராம் ரவை, நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் வேகம், துப்பாக்கி 45 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மருந்துப் புகையின் உந்தலைச் சேர்க்காமலே துப்பாக்கி நொடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில் பின்னால் பாயும். 3.2 கிலோ 12 போர் துப்பாக்கி, 36 கிராம் ரவையோடு, நொடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் உதைக்கும். வேகத்தைப் பார்த்தால் பன்ட் துப்பாக்கி சாதுவாகத் தெரியும். ஆனால் ஆற்றல் 275 ஜூல். 12 போரில் 32 ஜூல். எட்டு மடங்குக்கு மேல். தோள்பட்டை எலும்பு தாங்காது.

அதனால் உதையைப் படகிடம் ஒப்படைத்தார்கள். துப்பாக்கியின் முன்பகுதியில் வளையம் அல்லது காது. அதில் தடித்த கயிறு. கயிற்றின் வளைவு படகின் அணியக் கட்டையில் துளைத்த ஓட்டை வழியே போய் மாட்டியிருக்கும். வெடித்ததும் துப்பாக்கி சில அங்குலம் பின்னால் நகர்ந்து, கயிறு இறுகி, படகையே பின்னுக்கு இழுக்கும். துப்பாக்கி, படகு, ஆள் மூன்றும் சேர்ந்து 200 கிலோ என்றால் மொத்தக் கூட்டமும் நொடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில் மெல்லப் பின்வாங்கும். ஆளின் தோள் கட்டையைத் தொடவே கூடாது. தொட்டிருந்தால் அன்றோடு வேட்டை முடிந்தது.

செசபீக் பக்கம் இவ்வளவு நேர்த்தி இல்லை. அடிக்கட்டைக்குப் பின்னால் கடற்பாசியோ வைக்கோலோ அடைத்த சாக்கை முட்டுக்கொடுத்துச் சுட்டார்கள். சாக்கு நனைந்து இறுகிவிட்டால் மெத்தை என்ற பெயர் மட்டும்தான் மிச்சம்.

படகு எப்படி இருக்கும்?

ஒற்றை ஆள் படகு 17, 18 அடி நீளம், நடுவில் 3 அடிக்கு உட்பட்ட அகலம். இருவர் படகு 22 முதல் 24 அடி. அடி தட்டை, பக்கங்கள் தண்ணீருக்கு மேல் சில அங்குலமே தெரியும். அணியம் பலகையால் மூடியிருக்கும். அதன் மேல்தான் குழல் கிடக்கும். மங்கிய சாம்பல் நிறப் பூச்சு. விடிகாலை நீரில் அதுதான் கண்ணுக்குப் படாத நிறம். பளபளக்கும் எண்ணெய்ப் பூச்சு அடித்தவன் வாத்துக்கு முன்னறிவிப்புக் கொடுத்தவன்.

எடையை வைக்கும் இடம் முக்கியம். 45 கிலோ முன்னால் தொங்குவதால் ஆள் அமரத்தை, அதாவது பின்முனையை, நோக்கித் தள்ளிப் படுத்துச் சமன் செய்ய வேண்டும். முன் கனத்தால் அணியம் அலையைக் குத்தும். பின் கனத்தால் குழல் வானம் பார்க்கும்.

மருந்து கெட்டிப்பது எப்படி நடந்தது?

பழைய வகை வாய்வழி கெட்டிப்பது. கருமருந்து முதலில், அதன் மேல் தக்கை, பிறகு ரவை, கடைசியாக இன்னொரு தக்கை. பழங்கயிற்றைப் பிரித்துப் பஞ்சாக்கி உருட்டிய திரணைதான் தக்கை. பெரிய துளைக்குப் பருமணி மருந்துதான் போட வேண்டும். பொடி மருந்து சட்டென்று எரிந்து, ரவை நகரத் தொடங்குமுன் அழுத்தத்தை ஏற்றிவிடும். பருமணி மெல்ல எரிந்து நீண்ட குழல் முழுக்கத் தள்ளும். லண்டனின் கர்ட்டிஸ் அண்ட் ஹார்வி நிறுவனம் இதற்கென்றே பருமணி வாத்து மருந்து விற்றது.

9 அடிக் குழலை நீரில் மிதந்தபடி கெட்டிப்பது லேசில்லை. அணியத்தில் எழுந்து நின்றால் படகு கவிழும். துப்பாக்கியைப் பின்னால் இழுத்துக் குழல்வாயைக் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் கரையேற வேண்டும். ஆகவே ஒரு ஓதத்துக்கு (கடல்நீரின் ஏற்ற இறக்கத்துக்கு) ஒரு வெடி, மிஞ்சினால் இரண்டு.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பின்வழி கெட்டிக்கும் வகை வந்தது. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற லண்டன் பட்டறைகள் திருகு அடைப்போடு செய்தன. கரையிலேயே நிரப்பிய பெரிய தோட்டாவைச் செருகித் திருகினால் போதும். மழையில் மருந்து நனையாது என்பதுதான் இதன் பெரிய ஆதாயம், வேகம் இரண்டாம்பட்சம்.

வேட்டை எப்படி நடக்கும்?

ஓதம் வற்றும்போதோ ஏறும்போதோ வாத்துகள் சேற்றுத்திட்டின் ஓரத்தில் கூடும். நாமத்தலை வாத்து, ஊசிவால் வாத்து, கிளுவை ஆகியவைதான் அங்கே அதிகம். மூன்றும் குளிர்காலத்தில் கோடியக்கரைக்கும் வருபவை. ஆள் குப்புறப் படுத்து, ஆழம் குறைந்த இடத்தில் தாங்குகோலாலும் ஆழமான இடத்தில் பக்கவாட்டில் தொங்கவிட்ட கையாலும் சிறு துடுப்பாலும் நகர்த்துவான். அரை மணி, ஒரு மணி என்று ஊர்ந்து போவதும் உண்டு. குறி வைப்பது படகைத் திருப்பித்தான். குழல் பக்கவாட்டில் அசையாது. உயரத்தை மட்டும் அடிக்கட்டையை அமுக்கியோ ஒரு முட்டுக்கட்டையை நகர்த்தியோ சரிசெய்யலாம்.

சுடும் கணம் தனிக் கலை. நீரில் படிந்திருக்கும்போது சுட்டால் பாதி ரவை உடலின் கீழே நீரில் போகும். தலையெல்லாம் ஒருசேர நிமிரும் கணம், அல்லது சிறகு விரித்து ஒரு முழம் எழும்பிய கணம், இதுதான் சரியான நேரம். ஒரு நொடி தாமதித்தால் கூட்டம் விரிந்துவிடும்.

வெடித்தபின் பாதி வேலை பாக்கி. காயம்பட்டவற்றைத் தோள் துப்பாக்கியால் முடித்து, ஓதம் இழுத்துப் போகுமுன் பொறுக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாதவனைக் கரையோர வேட்டைக்காரர்களே மதிக்கவில்லை.

என்னென்ன தவறும், ஏன்?

மிக ஆபத்தானது ரவை நகர்வது. படகு அலையில் குதிக்கும்போது குழல்வாய் கீழ்நோக்கும். மேல் தக்கை தளர்வாக இருந்தால் ரவையும் தக்கையும் சில அங்குலம் முன்னால் சரியும். மருந்துக்கும் ரவைக்கும் இடையே காற்றுவெளி உண்டாகிவிடும். வெடிக்கும்போது ரவை ஓர் அடைப்பு போல நிற்க, அந்த இடத்தில் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். கெட்டிக்கும் கோலில் ஒரு கோடு போட்டு, ரவை ஏறியபின் கோல் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, சுடுமுன் மீண்டும் அளந்து பார்ப்பதே இதற்கான பழைய காவல்.

இரண்டாவது, குழல்வாயில் தண்ணீர் அல்லது சேறு. குழல் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலேதான் இருக்கும். ஓர் அலை போதும். வாயை எண்ணெய்த் துணியால் மூடிவைத்தார்கள். அதைச் சுடுமுன் எடுக்க மறந்தால் அதுவே அடைப்பு.

மூன்றாவது, தாமத வெடி. மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடியான கேப்பு வெடித்தும் மருந்து ஈரத்தால் உடனே பற்றாது. ஒன்றுமில்லை என்று எழுந்து குழலைப் பார்க்கப் போனால் அப்போது வெடிக்கும். வெடிக்காத துப்பாக்கியை அதே திசையில் அப்படியே விட்டு நேரம் கழிப்பது தவிர வேறு வழி கிடையாது.

கயிறு உளுத்துப்போவது இன்னொன்று. உப்புநீரில் ஒரு பருவம் கிடந்த கயிறு வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே நார் செத்திருக்கும். அறுந்தால் 45 கிலோ இரும்பு படுத்திருப்பவனின் முகத்துக்கு வரும். ஒவ்வொரு பருவமும் கயிறு மாற்றியவர்கள் கஞ்சர்கள் இல்லை. கயிறு மாற்றாதவர்கள்தான் கஞ்சர்கள்.

துப்பாக்கியைக் குறுக்காகத் திருப்பிச் சுட்டால் படகு உருளும். நேர் அச்சில் மட்டுமே உதையைத் தாங்கும் அமைப்பு அது.

இவை எல்லாவற்றையும்விட வேட்டைக்காரர்களை அதிகம் கொன்றது துப்பாக்கி அல்ல, தண்ணீர். சில அங்குலப் பக்கச் சுவர், கனத்த அணியம், குளிர்காலக் கடல். காற்று எழும்பினால் திரும்ப முடியாது. ஓதம் வற்றினால் சேற்றில் தரைதட்டி, மறு ஓதம் வரும்வரை பனியில் கிடக்க வேண்டும்.

ஒரே வெடியில் நூறு பறவை விழுமா?

விழுந்த நாட்கள் உண்டு. ஒரு வெடிக்கு ஐம்பதுக்கு மேல் என்பதும் நம்பத்தக்கதே. ஆனால் பேசப்படுவது அந்த நாட்கள் மட்டும். ஊர்ந்து போய் நெருங்குமுன்னே கூட்டம் பறந்துவிட்ட நாட்கள் யாருடைய கதையிலும் வராது. கடுங்குளிரில் உறையாத நீர் ஓரிரு குட்டையாகச் சுருங்கி, அதில் வாத்தெல்லாம் நெருங்கி நிற்கும்போதுதான் பெரிய எண்ணிக்கைகள் விழுந்தன. சாதாரண நாளில் ஒரு டஜன் கிடைத்தாலே நல்ல வெடி.

இதைக் கண்டுபிடித்தது யார்?

ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. பெயர் நிலைத்தவர் கர்னல் பீட்டர் ஹாக்கர், 1786 முதல் 1853 வரை வாழ்ந்தவர். 1809இல் ஸ்பெயினின் தாலவேரா போரில் இடுப்பில் குண்டுபட்டுப் படையை விட்டவர். தெற்கு இங்கிலாந்தின் கீஹேவனில் தங்கி, கரையோரத் தொழில்முறை வேட்டைக்காரர்களிடம் கற்றுக்கொண்டு, அவர்கள் கருவியைச் செம்மைப்படுத்தினார். அவருடைய இரட்டைக்குழல் பன்ட் துப்பாக்கியில் ஒரு பக்கம் சக்கிமுக்கிக் கல், மறுபக்கம் கேப்பு. கல் பற்றி மருந்தைத் தொட ஒரு கண் இமைப்பு தாமதம். அதனால் இரண்டையும் சேர்த்து இழுத்தாலும் ஒன்று உட்கார்ந்திருக்கும் கூட்டத்தையும் மற்றது எழும்பும் கூட்டத்தையும் பிடிக்கும். பழைய தொழில்நுட்பத்தின் குறையையே கருவியாக்கிய புத்தி.

அமெரிக்காவில் வாத்துகள் அழிந்ததற்கு இதுதானே காரணம்?

பாதி உண்மைகூட இல்லை என்பதே எங்கள் கருத்து. செசபீக் விரிகுடாவின் தலைப்பகுதியான சஸ்குவெஹானா ஃப்ளாட்ஸ் என்ற ஆழமற்ற நீர்ப்பரப்பில், காட்டு செலரி எனப்படும் நீர்ப்புல்லைத் தின்று கொழுத்த கேன்வாஸ்பேக் வாத்துக்குப் பால்டிமோர், பிலடெல்பியா, நியூயார்க் ஓட்டல்களில் பெரிய விலை. இரயிலும் ஐஸும் வந்தபின் அன்று சுட்டது மறுநாள் தட்டில். அந்தத் தேவைதான் அத்தனை துப்பாக்கிகளையும் நீரில் இறக்கியது.

அங்கே அதிக வாத்தை விழுங்கியதும் பன்ட் துப்பாக்கி அல்ல. நீர்மட்டத்துக்குக் கீழே மூழ்கிக் கிடக்கும் சவப்பெட்டி போன்ற சிங்க்பாக்ஸ் என்ற மிதவையில் படுத்து, சுற்றிலும் நூற்றுக்கணக்கான மர வாத்துப் பொம்மைகளை மிதக்கவிட்டு, சாதாரணத் தோள் துப்பாக்கியால் நாள் முழுக்கச் சுட்டவர்கள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் எடுத்தார்கள். 1890களில், அடுத்தடுத்துச் சுடவல்ல பம்ப் ஷாட்கன் பரவியபின் இது இன்னும் எளிது. பன்ட் துப்பாக்கி இரவில், விளக்கொளியில், தூங்கும் கூட்டத்தின் மேல் வெடித்தது. இரண்டு மைல் தள்ளியும் கேட்டது. வெறுப்பு அதன்மேல் விழுந்தது இயல்புதான். ஆனால் கணக்கு வேறு.

அமெரிக்கச் சட்டம் இதை எப்படித் தடுத்தது?

பல மாநிலங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே தடை போட்டன. விரிகுடாத் தீவுகளில் அதற்குப் பெரிய மதிப்பில்லை. 1900இன் லேசி சட்டம் மாநிலச் சட்டத்தை மீறிச் சுட்டதை மாநில எல்லை தாண்டி அனுப்புவதைக் குற்றமாக்கியது. சந்தையின் கழுத்தில் வைத்த முதல் கை அது. கனடாவுக்காக பிரிட்டனுடன் 1916இல் செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்ற, 1918இல் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் வந்தது. காட்டு வாத்து விற்பது முடிந்தது. மாநில உரிமையில் தலையீடு என்று மிசூரி மாநிலம் வழக்காடி, 1920இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

1918இன் விதி சுருக்கமானது: 10 போருக்கு மிகாத துப்பாக்கி, தோளில் வைத்துச் சுட வேண்டும். இந்த இரண்டாம் பாதியைக் கவனியுங்கள். துளையளவை மட்டும் சொல்லியிருந்தால் பல 10 போர் குழல்களை ஒன்றாகக் கட்டிய பேட்டரித் துப்பாக்கி தப்பியிருக்கும்; அப்படிப்பட்டவை உண்மையிலேயே இருந்தன. இன்றைய கூட்டாட்சி விதியில் பன்ட் துப்பாக்கி, பேட்டரித் துப்பாக்கி, இயந்திரத் துப்பாக்கி, தூண்டில் முள், நஞ்சு எல்லாம் ஒரே வாக்கியத்தில் தடைசெய்யப்பட்டுள்ளன. 1935இல் சிங்க்பாக்ஸ், மற்ற வாத்துகளை ஈர்க்க மிதக்கவிடும் உயிருள்ள வாத்து, இரைபோட்டுச் சுடுதல், மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளும் துப்பாக்கி ஆகியவையும் தடைக்குள் வந்தன.

பிரிட்டனில் இன்றும் சட்டப்படி சுடலாமா?

சுடலாம், பல நிபந்தனைகளோடு. வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டம், 1981, குழல்வாயின் உள் விட்டம் 1.75 அங்குலத்தைத் தாண்டும் ஷாட்கன்னால் காட்டுப் பறவையைச் சுடுவதைத் தடுக்கிறது. அதாவது 44.45 மி.மீ.; 1 போரைவிடச் சற்றுப் பெரியது. அமெரிக்கா சுடும் விதத்தைக் கேட்டது. பிரிட்டன் அளவுகோலை நீட்டியது. பிரிட்டிஷ் வழி எளிது, ஆனால் 1.75 அங்குலத்துக்குள்ளேயே ஒரு பவுண்டுக்கு மேல் ரவை போகும் என்பதால், நடைமுறையில் அது யாரையும் பெரிதாகத் தடுக்கவில்லை.

மற்ற கட்டுப்பாடுகள் அதைவிடக் கடுமை. இயந்திரத்தால் ஓடும் வாகனத்தில் பறவையைத் துரத்தக்கூடாது. சட்டத்தில் வாகனம் என்றால் படகும் அடக்கம். ஆகவே நெருங்கும்போது மோட்டார் ஓடக்கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாத்துப் பருவம் செப்டம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை. பேரோத மேல்மட்டத்துக்குக் கீழே உள்ள கடற்கரையில் பிப்ரவரி 20 வரை. ஸ்காட்லாந்தில் ஞாயிறும் கிறிஸ்துமஸும் கூடாது. கடுங்குளிர் நீடித்தால் அமைச்சர் ஒரு தடவைக்கு 14 நாள் வரை வேட்டையை நிறுத்திவைக்கலாம். பெரிய எண்ணிக்கைகள் விழுந்ததே அத்தகைய நாட்களில்தான் என்பதால், இந்த ஒரு விதி துளையளவு விதியைவிடப் பயனுள்ளது.

வைத்திருக்க என்ன உரிமம்?

பிரிட்டனில் குழல் 24 அங்குலத்துக்குக் குறையாமல், துளை 2 அங்குலத்தைத் தாண்டாமல் இருந்தால் ஷாட்கன் சான்றிதழ் போதும். 2 அங்குலத்துக்கு மேல் போனால் துப்பாக்கிச் சட்டத்தின் கடுமையான முதல் பிரிவு உரிமம். இதையும் மேலே சொன்ன 1981 சட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: 1.9 அங்குலத் துப்பாக்கியை ஷாட்கன் சான்றிதழில் வைத்திருக்கலாம், இலக்கைச் சுடலாம். வாத்தைச் சுட்டால் குற்றம். கருமருந்து வாங்கி வைக்கக் காவல்துறையின் வெடிபொருள் சான்றிதழ் தனி. 1939 செப்டம்பருக்கு முன் செய்த வாய்வழித் துப்பாக்கியைச் சுடாமல் அலங்காரமாக மட்டும் வைத்திருந்தால் பழம்பொருள் விலக்கு உண்டு. சுட நினைத்த அன்றே அந்த விலக்கு போய்விடும்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் அரை அங்குலத்தைத் தாண்டிய துளை, விளையாட்டுக்கு உகந்ததென ஏற்கப்பட்ட ஷாட்கன்கள் நீங்கலாக, அழிவுக் கருவி என்ற வகைக்குள் விழும். ஆனால் கேப்பு, சக்கிமுக்கி வகைப் பழந்துப்பாக்கிகளுக்கும் அவற்றின் நகல்களுக்கும் விலக்கு இருக்கிறது. பின்வழித் தோட்டா வகைக்கு இந்த விலக்கு தானாகக் கிடைக்காது. மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம்.

ஈய ரவைத் தடை இதைப் பாதித்ததா?

வேறெந்தச் சட்டத்தையும்விட அதிகமாக. சேற்றில் விழுந்த ஈயமணியைக் கூழாங்கல் என்று வாத்து விழுங்கி நஞ்சேறிச் சாகிறது. அமெரிக்கா முழுதும் நீர்ப்பறவைக்கு 1991 முதல் ஈயம் கூடாது; இங்கிலாந்தில் 1999 முதல், வேல்ஸில் 2002 முதல், ஸ்காட்லாந்தின் ஈரநிலங்களில் 2005 முதல்.

எஃகு ரவை கடினம். பழைய மென்னிரும்புக் குழலைக் கீறும், அடர்த்தி 7.8தான், ஈயத்துக்கு 11.3. அதே எடைக்குக் குழலில் நீளமாக இடம்பிடிக்கும், சீக்கிரம் வேகமிழக்கும். பிஸ்மத் மென்மையானது, அடர்த்தி 9.7, பழைய குழலுக்கு ஏற்றது. ஆனால் ஒரு வெடிக்கு ஒரு பவுண்டு பிஸ்மத் என்றால் விழுந்த வாத்தின் விலையைக் கேட்கவே வேண்டாம்.

இன்று எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?

1995இல் எடுத்த கணக்கில் பிரிட்டனில் 50க்கும் குறைவான துப்பாக்கிகளே வேட்டையில் இருந்தன. லிங்கன்ஷயரின் கௌபிட் ஊரில், 1897இல் விக்டோரியாவின் வைர விழாவிலிருந்து, முடிசூட்டு, அரச விழாக்களுக்குப் பன்ட் துப்பாக்கி மரியாதை உண்டு. 2012இல் எலிசபெத்தின் வைர விழாவுக்கு 21 துப்பாக்கிகள் முதலில் ஒவ்வொன்றாகவும் பிறகு ஒன்றாகவும் வெடித்தன.

பழைய பெருங்குழல் ஒன்று கைக்கு வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கெட்டித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நூறு ஆண்டு பழைய கருமருந்தும் உலர்ந்திருந்தால் வெடிக்கும். சுவரில் தொங்கிய துப்பாக்கிகளில் மருந்து கிடந்தது பலமுறை நடந்திருக்கிறது. மரக்கோலைக் குழல்வாயில் அடிவரை விட்டு விளிம்பில் குறியிடுங்கள். அதே கோலைக் குழலின் வெளியே வைத்து, குறி வாய்விளிம்பில் இருக்கும்படி பிடியுங்கள். கோலின் நுனி கேப்பு மாட்டும் முலைக்கு அருகே வந்தால் காலி. பல அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. நெருப்பு, சூடு, துளைக்கருவி எதையும் கிட்டே கொண்டுபோகாமல் காவல்துறைக்கும் தகுதிபெற்ற துப்பாக்கிக் கைவினைஞருக்கும் சொல்லுங்கள்.

அடுத்தது அது பன்ட் துப்பாக்கிதானா என்பது. கோட்டைச் சுவர்த் துப்பாக்கிகளும் கப்பல் சுழல் துப்பாக்கிகளும் இந்தப் பெயரில் விற்கப்படுகின்றன. சுவர்த் துப்பாக்கியில் தோளுக்கான முழு அடிக்கட்டை இருக்கும், குழலின் சுவரும் தடிமன். கப்பல் வகை குட்டையானது, பெரும்பாலும் வெண்கலம். பன்ட் துப்பாக்கியின் கட்டை கரடுமுரடு, தோள் பதியும் வளைவு அதிகம் இருக்காது, கயிற்றுக்கான காதோ துளையோ கட்டாயம் தென்படும். கடைசியாகக் குழலின் அடிப்பக்கம்: லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனை முத்திரையும், பக்கத்தில் அந்த ஒற்றை எழுத்தும் இருந்தால் துளையளவும் காலமும் அங்கேயே கிடைத்துவிடும். முத்திரை இல்லாத குழல் செசபீக் பக்கத்துக் கொல்லன் வேலையாக இருக்கலாம். அதைச் சுட்டுப் பார்க்கும் எண்ணமே வேண்டாம்.